காற்று ஆகாதவர்

அந்த அம்மாவுக்குக் காற்று ஆகாது. சிலருக்குக் கத்திரிக்காய் ஆகாது, சிலருக்கு மாமியார் ஆகாது, அவருக்குக் காற்று. கொடைக்கானலில் வந்து இருந்துகொண்டு காற்று ஆகாது என்றால் எப்படி என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம், அவர் காதில் விழாமல். அந்தக் காதில் எந்நேரமும் பஞ்சு இருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே கேட்டோம்.

அவர் எங்கள் வளாகத்துக்கு வந்த இன்ஜினியர். கீழே சமவெளியில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம், மலையிலும் ஒரு கிளை வேண்டும் என்று வெள்ளைக்காரர் காலத்துக் கல் பங்களா ஒன்றையும் அதைச் சுற்றியிருந்த தைலமரக் காட்டையும் வாங்கியது. பங்களாவைப் பெண்பிள்ளைகளின் விடுதி ஆக்கியது. பெயர் இங்கே வேண்டாம். அந்த விடுதிக்கு நான்தான் ஆயா. வார்டன்கள் வருவார்கள், போவார்கள். சாவிக்கொத்து என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. என்னை இதுவரை ஒருவரும் ஒரு சொல் சொன்னது கிடையாது. சொன்ன வேலையை நான் மாட்டேன் என்றது கிடையாது, அதனால்தான். சாத்து என்றால் சாத்துவேன், திற என்றால் திறப்பேன். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

பழைய கட்டடங்களை இந்தக் காலத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானபோது அந்த அம்மாவை அனுப்பினார்கள். மரச்சட்டத்துக்குள் ஓடிய பழைய ஒயர்களை உருவிப் போட்டுப் புதிது இழுத்தார். துருப்பிடித்த தண்ணீர்க் குழாய்களை எல்லாம் மாற்றினார். ஆள் வந்தால் தானே எரிந்து, போனால் தானே அணையும் விளக்குகளை நடைபாதையில் மாட்டினார். முதல் வாரம் நான் கூட்டிப் பெருக்கும்போது அவை அணைந்து அணைந்து எரிய, நான் விளக்குமாற்றைத் தூக்கி ஆட்டிக்கொண்டே நடந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நல்ல வேலைதான் செய்தார், குறை சொல்ல முடியாது.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு ஒயரும் குழாயும் நினைவுக்கு வருவதில்லை. ஊதுபத்திதான் வருகிறது.

காலையில் எழுந்ததும் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு விடுதிக்குள் வருவார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், தலையில் குரங்குக் குல்லா. ஒவ்வொரு ஜன்னலாக, ஒவ்வொரு கதவாக, பத்தியை ஓரத்தில் காட்டியபடி மெதுவாக நகர்வார். நாங்கள் பக்தி என்று நினைத்தோம். சமையல்காரி செல்லம்மா அவர் பின்னாலேயே கை கூப்பிக்கொண்டு இரண்டு நாள் நடந்தாள். மூன்றாம் நாள் அடக்க முடியாமல், இது எந்தச் சாமிக்கு என்று கேட்டே விட்டாள். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, புகையைக் காட்டினார். ஜன்னல் ஓரத்தில் அது வளைந்து உள்பக்கம் ஓடியது.

"இந்த இடத்துல காத்து நுழையுது. தெரியுதா? புகை நிமிந்து நிக்கணும் செல்லம்மா. புகை நின்னாத்தான் சூடு நிக்கும்."

வளைந்த இடத்தில் எல்லாம் சாக்கட்டியால் கோடு போடுவார். மறுநாள் ஆட்கள் வந்து அந்தக் கோட்டில் பசை வைத்து அடைப்பார்கள். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி வந்தது. கதவு விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினார்கள். அப்புறம் கதவைத் திறக்க ஒரு இழுப்பு அதிகம் வேண்டியிருந்தது. உச்சியில் இருந்த வெண்டிலேட்டர்களுக்கும் கண்ணாடி போட்டாகிவிட்டது. பத்தியம்மா என்று பெயர் வைத்தோம். அது அவருக்கும் தெரியும் என்று பிறகு தெரிந்தது, கோபப்படவில்லை.

பஜாரில் பாய் கடையில் டீ குடிக்கப் போனாலும் இதே கதைதான். உட்கார்ந்ததும் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிடுவார். வெளியே நிற்பவர்கள் கடை இல்லை என்று திரும்பிப் போவார்கள். பாய் நல்ல மனுஷர். "மேடம் வந்துட்டா நம்ம கடைக்கு எந்த நாளும் வெள்ளிக்கெழமதான்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இஞ்சி தட்டிப் போடுவார்.

இப்படி ஏன் என்று ஒருநாள் நானே கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தோம், அவருக்கு என்னவோ துணி மடிப்பதில் பிரியம். தான் படித்த காலத்தில் ஒரு மலைக் கல்லூரியின் விடுதியில் இருந்ததாகச் சொன்னார். எந்த மலை என்று சொல்லவில்லை. கட்டிலுக்கு நேர் மேலே ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. சொல்லிச் சொல்லிப் பார்த்தார், எழுதிக் கொடுத்தார், அழுதும் பார்த்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒருவரும் மாற்றவில்லை. நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு வருடப் படிப்பு போனது.

"ஒரே ஒரு கண்ணாடி ஆயாம்மா. அதை மாட்ட ஒருத்தருக்கும் நேரம் கிடைக்கல. நான் இருக்கிற இடத்துல எந்தப் பொண்ணும் குளிர்ல நடுங்கக் கூடாது."

சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. மடித்த துணியின் ஓரத்தை விரலால் தேய்த்துத் தேய்த்து நேராக்கினார். அன்றிலிருந்து அவர் சாத்தச் சொன்ன கதவை நான் இரண்டு மடங்கு அக்கறையாகச் சாத்தினேன்.

அந்த வருடம் போளூரிலிருந்து ஒரு பிள்ளை வந்து சேர்ந்தது. வளர்மதி என்று பெயர். அப்பா பூண்டு போடுகிற சம்சாரி. எங்கள் மலையிலேயே இன்னும் மேலே, தொலைவான ஊர். அங்கிருந்து இவ்வளவு தூரம் பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பியதே அவருக்கு ஊரில் பேச்சாகிவிட்டது. அந்தப் பிள்ளை சேவல் மாதிரி வெள்ளனே எழுந்துவிடும். குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டுவதைப் பார்த்து அதற்கு ஒரே ஆச்சரியம். குளித்து, துணி துவைத்து, தலைமுடியை அலசி, குளியலறையை விட்டு வர மனமே வராது. இன்ஜினியரம்மாவுக்கு அந்தப் பிள்ளை மேல் ஒரு தனிப் பாசம். தான் இழந்த வருடத்தை அது படித்துக் கொடுப்பதுபோல நினைத்தாரோ என்னவோ.

வெந்நீர் ஏற்பாடும் அவர் செய்ததுதான். முன்பு பின்கட்டில் விறகு மூட்டி அண்டாவில் காய்ச்சி, பிள்ளைகள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். அவர் கூரைமேல் வெயிலில் சுடும் தகடுகளைப் பதித்தார். மூட்டம் போட்டு வெயில் இல்லாத மாதங்களுக்கு, கீழே குளியலறை மூலையில் பெரிதாக ஒரு கேஸ் கீசர். அது எரிகிற புகை வெளியே போக, சுவருக்குப் பின்னால் ஓடிய பழைய சிம்னிக்குள் ஒரு தகரக் குழாயைச் செருகினார்கள். பங்களாவின் கூரைமேல் சிம்னி ஒன்றாகத்தான் தெரியும். உள்ளே வாய் பல. பின்பக்கத்து வாய் சும்மா கிடக்கிறது, குழாய் அதற்குள் போகட்டும் என்பது அவர் சொன்ன உத்தரவு.

இனிமேல் சொல்லப் போவது ஒரு சொல்லால் வந்தது.

விடுதியின் படிப்பு அறையில் ஒரு கணப்பு உண்டு. தீ மூட்டி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மூட்டம் இறங்கி, மேலே காற்று வீசினால், அந்தக் கணப்பின் சிம்னிக்குள்ளிருந்து ஒரு முனகல் வரும். பொம்பளை முனகுகிற மாதிரியே இருக்கும். இந்தப் பங்களாவில் வாழ்ந்த துரைசாணி ஒருத்தி, துரை கப்பல் ஏறிப் போன பிறகு கணப்பு முன்னாலேயே உட்கார்ந்து உட்கார்ந்து செத்தாள் என்று பழைய தோட்டக்காரர் சொல்லி நாங்கள் கேட்டிருக்கிறோம். புதிதாக வந்த பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து படிப்பு அறைக்குப் போவதையே விட்டன.

செல்லம்மா பொறுக்க மாட்டாமல் ஒருநாள் இன்ஜினியரம்மாவிடம் போய் நின்றாள். நானும் கூட இருந்தேன்.

"மேடம், அந்தச் சிம்னி வழியா காத்து எறங்குதுங்க. பிள்ளைக பயப்படுதுக."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்ப இறங்குது?"

"மூட்டம் போட்டா எந்நேரமும் எறங்குதுங்க."

"இத்தனை நாளா ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா சிரிப்பீங்களோன்னுதான்."

"காத்து விஷயத்துல நான் சிரிக்கிறதே இல்ல செல்லம்மா."

வெளியே வந்ததும் செல்லம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. படித்தவர் என்றால் இப்படி இருக்க வேண்டும், நம்மைப் போல நம்புகிறார் பாருங்கள் என்றாள். எங்கள் பக்கத்தில் காத்து என்றால் வீசுவது ஒன்று, பிடிப்பது ஒன்று. செல்லம்மா சொன்னது பிடிக்கிற காத்தை. காத்துக் கருப்பு என்கிறோமே, அதை. அவர் கேட்டது வீசுகிற காற்றை. அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரியவில்லை.

மறுநாளே மேஸ்திரி கூரைமேல் ஏறினார். சிம்னியின் தலையில், கணப்பிலிருந்து வரும் வாயின்மேல் மட்டும் ஒரு கடப்பைக்கல்லை வைத்துச் சிமெண்ட் பூசினார். செல்லம்மா ஏணி அடியில் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைத்தாள். மேஸ்திரியும் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினார். கீழே குளியலறைக் குழாய் பின்பக்கத்து வாயில் போகிறது, இது முன்பக்கத்து வாய், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று இன்ஜினியரம்மா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அறிந்தது அதுதான். பின்பக்கத்து வாய் முழுக்கக் காக்கைக் கூடும் சுள்ளியும் அடைத்துக் கிடந்ததையும், குழாய் செருகிய கூலியாட்கள் சுத்தம் பண்ணச் சோம்பி அதை முன்பக்கத்து வாய்க்கே திருப்பி விட்டதையும் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

முனகல் நின்றது. துரைசாணி போய்விட்டாள் என்று செல்லம்மா அன்று பாயசம் வைத்தாள். அந்த அம்மா எங்களைப் படிப்பு அறைக்குக் கூப்பிட்டுப் பத்தியைக் காட்டினார். புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போய், கூரையைத் தொடுமுன் கலைந்தது. அழகாகத்தான் இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உடைந்த கண்ணாடி ஒன்றைக் கடைசியில் யாரோ மாட்டிவிட்ட மாதிரி.

அப்புறம் மூட்டக் காலம் வந்தது. வெயில் தகடுகள் வேலை செய்யவில்லை. கீசர் விடியலிலிருந்து எரிந்தது.

முதலில் சுவர்கள் வியர்த்தன. துணி காயவில்லை. கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழிந்து, நான் காலையில் துடைத்தால் மதியத்துக்குள் மறுபடி வழியும். குளியலறைத் தரையில் பல்லி ஒன்று மல்லாந்து கிடந்தது. கூட்டித் தள்ளினேன். இரண்டு நாளில் இன்னொன்று. செல்லம்மா பல்லி விழும் பலன் பார்த்துவிட்டு, யார் மேலும் விழாமல் தரையில் விழுந்தால் என்ன பலன் என்று காலண்டரில் போடவில்லை என்றாள்.

பிள்ளைகள் தலை வலிக்கிறது என்றன. ஒன்றிரண்டு வாந்தி எடுத்தன. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, குளிருக்குச் சளி கட்டியிருக்கிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை, ஜன்னலைச் சாத்தித் தூங்குங்கள் என்று மாத்திரை கொடுத்துப் போனார். போளூர்ப் பிள்ளைதான் ஒரு காலையில் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தது. தூக்கி வந்து படுக்க வைத்தேன். முகம் வெளுக்கவில்லை, அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கன்னம் சிவந்து, கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. கண் விழித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது:

"உள்ள இருக்கப்ப ஒண்ணும் தெரியல ஆயாம்மா. தலை கனக்குது, கால் பஞ்சாட்டம் ஆகுது. ஆனா வெளிய வரணும்னே தோணல. 'இரு தாயி, இரு'ன்னு யாரோ சொல்ற மாதிரி இருக்கு."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த செல்லம்மா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைத் தனியாக அழைத்துப் போனாள்.

"துரைசாணி போகலக்கா. உள்ள வச்சு அடைச்சுட்டாங்க. போற வழிய அடைச்சுப்புட்டா அவ எங்கதான் போவா?"

சும்மா கெட என்று அதட்டினேன். அதட்டினேனே ஒழிய, அப்போதே செருப்பை மாட்டிக் கிளம்பிவிட்டேன்.

பஜாருக்குப் போய் பாயிடம் சொன்னேன். ஓதிக் கறுப்புக் கயிறு கொடுத்தார். "கயித்தைக் கட்டுங்க, அதுக்காக டாக்டர்கிட்ட காட்டாம இருந்துறாதீங்க" என்றும் சொன்னார். கயிற்றைக் கட்டினோம். டாக்டரிடம் போக அடுத்த வாரம் நேரம் கேட்டிருந்தோம். இதற்குள் சேதி போளூருக்குப் போய்விட்டது.

அப்பா வந்தார். தலையில் உருமாலை, தோளில் கம்பளி. வார்டன் அறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பிள்ளைக்குக் காத்துச் சேட்டை இருப்பதாகக் கேள்விப்பட்டேன், படித்தது போதும், ஞாயிற்றுக்கிழமை ஜீப்பு கொண்டுவருகிறேன் என்றார். பிள்ளை கதவோரம் நின்று தரையைப் பார்த்தபடி அழுதது. ஊருக்குப் போனால் அடுத்த தையில் கல்யாணம் என்று அதற்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இன்ஜினியரம்மா உள்ளே வந்தவர் காத்து என்ற சொல்லை மட்டும்தான் கேட்டார்.

"காத்துன்னா அது என் பொறுப்புங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தக் காத்து எங்க இருக்குன்னு நான் புடிச்சிடுறேன். பொண்ணை மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க."

அந்த மனிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார். குல்லா, மப்ளர், கையில் புகைகிற பத்தி. பார்வையில் மரியாதை வந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அதுக்கு என்னென்ன சாமான் வேணும்ங்க?"

"ஒரு பத்திக் கட்டு போதும்" என்றார் அந்த அம்மா.

சிரிக்க வேண்டிய இடம்தான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மூட்டம் மரங்களை விழுங்கிவிட்டு வாசல் வரை வந்து நின்றது. பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருந்தன. அவர் குளியலறைக்குள் போனார். எல்லாக் குழாய்களையும் திறந்து கீசரை முழு வேகத்தில் எரியவிட்டுப் பார்க்க வேண்டும், சூடு ஏறினால் காற்று எங்கிருந்து உறிஞ்சுகிறது என்று புகை காட்டிக் கொடுத்துவிடும் என்றார். என்னைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார். நான் சொல்லும்வரை யாரும் திறக்கக் கூடாது, திறந்தால் புகை கலைந்துவிடும் என்றார். சரி மேடம் என்றேன்.

உள்ளே அவர் நடப்பது கேட்டது. முதல் ஜன்னல் சரியாக இருக்கிறது என்றார். இரண்டாவதும் சரி என்றார். செல்லம்மா டீ கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். கீசர் இரைவது மட்டும் கேட்டது. பிறகு, "நிக்குது ஆயாம்மா. ஒரு அசைவு இல்ல. எங்கயுமே காத்து இல்ல" என்றார். குரலில் சந்தோஷம். சிரித்த மாதிரியும் இருந்தது.

டீயில் ஆடை படிந்துவிட்டது. வெளியே வாருங்கள், ஆறிப் போகிறது என்று கூப்பிட்டேன்.

"வரேன். இன்னும் கொஞ்சம்... இங்க நல்லா இருக்கு."

அவர் அப்படி இழுத்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்போதுதான் வளர்மதி புத்தகத்தோடு நடைபாதையில் வந்தது. அந்தக் குரலைக் கேட்டது. நின்ற இடத்திலேயே புத்தகம் நழுவிக் கீழே விழ, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"ஆயாம்மா, இது அதுதான். எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

மறுபடி கூப்பிட்டேன். பதில் இல்லை. திறக்காதே என்பது அவர் வாக்கு. செல்லம்மா என் முகத்தையே பார்த்தாள். கதவில் கை வைத்துத் தள்ளினேன். ரப்பர் பட்டை ஈரத்தில் உப்பிப் போய்க் கதவு அசையவில்லை. மூன்று பேரும் தோள் கொடுத்து முட்டியபோது, பிடுங்குகிற சத்தத்தோடு திறந்தது.

அவர் மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குல்லா கழன்று மடியில் கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. உதடு வெற்றிலை போட்ட மாதிரி சிவந்து, சிரித்தபடியே இருந்தது. பக்கத்தில் தரை ஓடுகளின் இடுக்கில் செருகி வைத்த பத்தியிலிருந்து புகை, கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது. நாங்கள் கதவைத் திறந்ததும்தான் அது ஒரு பக்கம் சாய்ந்தது.

கீசர் புகையிடமிருந்து அவரை மீட்கிறோம் என்று எங்களுக்குத் தெரியாது. துரைசாணியிடமிருந்து பிடுங்குவதாக நினைத்துத்தான் இழுத்தோம். செல்லம்மா காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "விடுடி, நல்ல மனுஷிய விடுடி, ஒனக்கு என்ன செஞ்சா அவ" என்று வைதாள். எனக்கும் தலை சுற்றியது. நடைபாதை வழியாக வாசலுக்கு இழுத்து வந்து மூட்டத்தில் கிடத்தினோம். அவர் வெறுத்த அத்தனை குளிரும் அவர் மேல் விழுந்தது. வெகு நேரம் கழித்து ஒரு இருமல் வந்தது.

ஜீப்பில் மலை இறக்கி வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி டாக்டர் உதட்டைப் பார்த்ததுமே, அறையில் கரி மூட்டிக் கதவைச் சாத்தித் தூங்கினாரா என்று கேட்டார். குளிர் காலத்தில் சுற்றுலா வருகிறவர்கள் இப்படி வந்து சேருவது உண்டாம். எரிகிற அடுப்பின் புகை போக வழியில்லாவிட்டால் கண்ணுக்கும் தெரியாமல், மூக்குக்கும் தெரியாமல் உள்ளேயே நிறையும், அதில் இருப்பவருக்கு எழுந்து போகவே தோன்றாது என்றார். மூச்சுக்கு மருந்துக் காற்று வைத்து, மதுரைக்கு அனுப்பினார்.

டாக்டர் சொன்னதை நாங்கள் போனில் சொல்ல, மேஸ்திரி அன்று சாயங்காலமே கூரையேறிக் கடப்பைக்கல்லை உடைத்தாராம். கல்லின் அடிப்பக்கம் கன்னங்கரேல் என்று ஈரமாக இருந்ததாம். உடைத்த கொஞ்ச நேரத்தில் படிப்பு அறையில் பழைய முனகல் திரும்ப வந்தது. பிள்ளைகள் எல்லாம் அங்கே கூடி நின்று கேட்டன. அந்தத் தடவை ஒருத்தியும் பயப்படவில்லை என்று சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போளூர்க்காரர் ஜீப்போடு வந்தார். சொன்னபடி மேடம் காத்தைப் பிடித்தார்களா என்று கேட்டார்.

"புடிச்சாங்க" என்றாள் செல்லம்மா. "அது அவுங்களப் புடிச்சிருச்சு."

மனிதர் உருமாலையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஜீப்பிலிருந்து ஒரு சாக்குப் பூண்டை இறக்கி வைத்தார். பாதி விடுதிக்கு, பாதி அந்த அம்மாவுக்கு என்றார். பிள்ளையின் பெட்டியை எடுக்காமலே திரும்பிப் போனார்.

அந்தப் பூண்டில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு நான் மதுரைக்குப் போனேன். அவர் மறுபடி எங்கள் வளாகத்துக்கு வரவில்லை. அதுதான் கடைசியாகப் பார்த்தது. இப்போது அந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பி கையில் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார், ஊதுபத்தி இல்லை. அடுத்த கட்டடத்துக்கும் ரப்பர் பட்டை வந்து இறங்கிவிட்டது. கருவியில் பச்சை எரிகிறது, பயமில்லை என்கிறார். இருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் அவர் மெலிந்து கிடந்தார். மதுரை வெயிலிலும் கழுத்துவரை கம்பளி. கை நடுங்கியது. பேச்சில் சில சொற்கள் வர மறுத்தன. ஊதுபத்தி என்று சொல்ல வந்து, அந்த, அந்த என்று விரலை நேராக நிமிர்த்திக் காட்டினார். எனக்குப் புரிந்தது. தலைமாட்டில் பூண்டுப் பையை வைத்தேன். வாசனைக்கா என்று கேட்டு, துணைக்கு இருந்த அவர் தங்கை சிரித்தாள், பிறகு டீ வாங்கப் போனாள்.

"போளூர்ப் பொண்ணு?" என்று கேட்டார்.

"இருக்கா மேடம். பரீட்சை எழுதுறா."

முகம் மலர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நான் எழப் பார்த்தபோது, கண் மூடியபடியே புருவத்தைச் சுருக்கினார்.

"எங்கேருந்தோ காத்து வருது ஆயாம்மா. அந்த ஜன்னலைச் சாத்துங்க."

எழுந்து போனேன். ஜன்னல் கதவைப் பிடித்தேன். வெளியே வேப்பமரம் ஆடிக்கொண்டிருந்தது, வெயில் காற்று என் முகத்தில் அடித்தது. இடுப்பில் சாவிக்கொத்து இல்லாதது அப்போதுதான் உறைத்தது. விடுதியில் செல்லம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். தாழ்ப்பாளைத் தூக்கி, சத்தம் கேட்கும்படி அதால் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"சாத்திட்டேன் மேடம்."

"ம். இப்ப வரல" என்றார்.

அவர் நெற்றி முடி பறந்துகொண்டிருந்தது.